ஆறாத வாய்ப்புண்: காத்திருப்பதா, சாயமா, தூரிகையா, சதைப் பரிசோதனையா?

மூன்று வாரமாக ஆறாத புண் ஒன்று நாக்கின் ஓரத்தில் இருக்கிறது. அல்லது கன்னத்தின் உட்புறத்தில், வழித்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. பல் மருத்துவர் ‘எதற்கும் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிடலாம்’ என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் ஒருவர் தடுக்கிறார். வெட்டாமலே நீல விளக்கைக் காட்டிக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதே என்று இன்னொருவர் சொல்கிறார். இந்த இடத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று கேட்கும் வாசகர்களுக்காக, அவர்கள் முன்னால் உண்மையில் இருக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். வாயில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

முதலிலேயே ஒன்றை ஒதுக்கிவிடலாம். வாய்ப்புற்று உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய, நம்பிச் சார்ந்திருக்கத்தக்க ரத்தப் பரிசோதனை எதுவும் இன்று வழக்கத்தில் இல்லை. எச்சில் பரிசோதனைகள் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகின்றன. ஒரு நோயாளி தன் முடிவை அவற்றின் மேல் வைக்கும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

எதை வைத்து எடைபோடுவது

சோதனைகளை ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் வலியையும் செலவையும் மட்டுமே பார்க்கிறார்கள். அவை இரண்டும் முக்கியம்தான் என்றாலும், அவற்றுக்கு முன் கேட்க வேண்டியவை வேறு. அந்தச் சோதனை தருவது முடிவான விடையா, வெறும் சந்தேகக் குறிப்பா? நோய் இருந்தும் ‘இல்லை’ என்று தவறாகச் சொல்ல எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? நோய் இல்லாதவரை எவ்வளவு அலையவைக்கும்? விடை கைக்கு வர எத்தனை நாள் ஆகும், அதன் பிறகும் வேறொரு சோதனை தேவைப்படுமா? இப்போது செய்வது, பின்னால் சிகிச்சை தேவைப்பட்டால் அதைச் சிக்கலாக்குமா? இவற்றில் இரண்டாவது கேள்வியே எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. தவறான ‘இருக்கிறது’ ஒருவருக்குச் சில நாள் தூக்கத்தைக் கெடுக்கும். தவறான ‘இல்லை’ சில மாதங்களைத் தின்றுவிடும். அந்த மாதங்களில் அரை அங்குலப் புண் தாடை எலும்பையோ கழுத்து நெறிக்கட்டியையோ எட்டிவிடக்கூடும்.

முதலில், எப்படிப்பட்ட மாற்றம்?

எல்லா வாய்ப்புண்ணுக்கும் ஒரே தராசு இல்லை. உதட்டின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் வந்து, காரம் பட்டால் உயிர் போகிறமாதிரி எரிந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறி, சில மாதம் கழித்து வேறிடத்தில் வரும் சிறு புண்கள் பெரும்பாலும் அஃப்தஸ் எனப்படும் சாதாரணப் புண்களே. ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதும், ஓரம் தடித்துக் கெட்டியாக இருப்பதும், தொட்டால் ரத்தம் கசிவதும் வேறு வகை. வலி இல்லை என்பதால் நிம்மதி அடைவதுதான் இங்கே மிகப் பொதுவான பிழை. ஆரம்பநிலை வாய்ப்புற்று பலருக்கு வலிப்பதே இல்லை.

திட்டுகளிலும் நிறம் பேசும். வழித்தால் போய்விடும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வழித்தாலும் போகாத, வேறு காரணம் சொல்ல முடியாத வெள்ளைத் திட்டை லூக்கோபிளேக்கியா என்பார்கள். அவற்றில் சிறு பங்கே புற்றாக மாறும். வெல்வெட்போல் சிவந்த திட்டான எரித்ரோபிளேக்கியா அரிதானது, ஆனால் பல மடங்கு ஆபத்தானது: சதை எடுத்துப் பார்க்கும்போதே அவற்றில் பெரும்பாலானவை கடுமையான செல் மாற்றத்தையோ புற்றையோ காட்டிவிடுகின்றன. வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டும் சிவப்பின் பக்கமே சேரும்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா, பான் மசாலா வழக்கம் உள்ளவர்களுக்குச் சந்தேகப்பட வேண்டிய வரம்பு இன்னும் கீழே இறங்குகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுண்டாக்கி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. ‘நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்’ என்ற சமாதானம் அன்றே முடிந்தது. மேற்கு நாடுகளில் நாக்கும் வாயின் அடித்தளமும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நம் பக்கத்தில் கன்னத்தின் உட்புறமும், கன்னமும் ஈறும் சேரும் பள்ளமும் அதிகம் பாதிக்கப்படுவதற்கு, புகையிலையை அங்கே அதக்கி வைக்கும் வழக்கமே காரணம்.

வழி ஒன்று: காரணத்தை நீக்கிவிட்டு இரண்டு வாரம் காத்திருத்தல்

இது மட்டமான வழி அல்ல. உரிய இடத்தில் முறையான மருத்துவமே. கூரான பல் முனையோ, உடைந்த பல்லோ, பொருந்தாத பல்செட்டோ உரசுகிற இடத்தில் புண் இருந்தால், அந்த முனையை ராவிச் சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்பதுதான் சரி. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதும் அப்படியே. சில மருந்துகளும் வாய்ப்புண் உண்டாக்கும். இதய வலிக்குத் தரப்படும் நிக்கோராண்டில், மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவற்றை உட்கொள்பவர்கள் அதைத் தங்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

இந்த வழியின் செலவு, காத்திருக்கும் காலத்துக்கு எல்லை இல்லாமல் போவதில் ஒளிந்திருக்கிறது. மருந்துக்கடையில் ஒரு வாய்ப்புண் ஜெல், கூடவே பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, பத்து நாள் கழித்து வேறு கடையில் வேறு ஜெல் என்று இரண்டு வாரம் இரண்டு மாதமாவது மிகச் சாதாரணம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பையும் வீக்கத்தையும் கொஞ்சம் தணித்து, குணமாவதுபோல் காட்டவும் கூடும். ஆகவே காத்திருப்பதாக இருந்தால் முதல் நாளே மறுபடி காட்டும் தேதியைக் குறித்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதியில் புண் முழுவதும் ஆறியிருந்தால் சரி. ‘முன்னைக்கு இப்போது பரவாயில்லை’ என்பது ஆறியதாகக் கணக்கில் வராது.

ஆடுகிற பல் விஷயத்தில் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. பக்கத்துப் பற்கள் உறுதியாக இருக்க ஒரு பல் மட்டும் காரணமின்றி ஆடி, அதைச் சுற்றி ஈறு சதை வளர்ந்திருந்தால், பல்லைப் பிடுங்கிவிட்டுக் காத்திருப்பது தவறான வரிசை. பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல், அதன் பிறகே புற்று என்று தெரியவருவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் நிகழ்வு.

வழி இரண்டு: சாயமும் நீல விளக்கும்

டொலுய்டின் புளூ என்ற நீலச் சாயத்தை வைத்துச் செய்யும் சோதனை மலிவானது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தால் அந்த இடத்தைத் துடைத்து, சாயத்தைப் பஞ்சால் ஒற்றி, மறுபடி அமிலத்தால் கழுவுவார்கள். செல் கருக்கள் நெருக்கமாகக் குவிந்த இடத்தில் சாயம் கழுவியும் போகாமல் அடர்நீலமாக நிற்கும். சிக்கல் என்னவென்றால், பல் கடித்து உண்டான புண்ணும் அழற்சியும்கூடச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாக்கின் மேற்பரப்பில் உள்ள இயல்பான மொட்டுகளும் நீலமாகவே நிற்கும்.

நீல விளக்குக் கருவியில் இயல்பான சளிச்சவ்வு வெளிர்பச்சையாக ஒளிரும், மாறிய இடம் இருண்டு தெரியும். இதிலும் அழற்சி இருண்டே தெரிகிறது. நம்மில் பலருக்கு ஈறிலும் கன்னத்திலும் இயல்பாகவே உள்ள கருநிறத் திட்டுகளும் இருண்டே தெரிகின்றன. மாநிறத்தவர் வாய்க்கு இது எவ்வளவு குழப்பம் என்பதைக் கருவி விற்கும் துண்டறிக்கைகளில் நான் தேடினால் கிடைக்கும் என்று தோன்றவில்லை.

ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், உண்மையில் நோய்மாற்றம் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 86 பேரைச் சாயமும் 87 பேரை ஒளிக் கருவிகளும் பிடித்தன. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் இல்லாத 100 பேரில் சாயம் 32 பேரையும், ஒளிக் கருவி பாதிப் பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டன. பிடித்தாலும் சதைப் பரிசோதனை தேவை, பிடிக்காவிட்டாலும் சந்தேகம் தீராது என்றால், புண் உள்ள ஒருவருக்கு இந்தப் பணத்தால் என்ன முடிவு மாறியது என்று கேட்கத்தான் வேண்டும். 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், சந்தேகத்துக்குரிய மாற்றம் இருந்தால் சாயம், ஒளி, எச்சில் சோதனைகளை நாடாமல் நேராகச் சதைப் பரிசோதனைக்குப் போகவே சொல்கிறது.

சாயத்துக்கு ஓர் உண்மையான பயன் உண்டு. கன்னம் முழுவதும் பரவிய பெரிய திட்டில் எந்த இடத்திலிருந்து சதை எடுப்பது என்று மருத்துவர் தீர்மானிக்க அது உதவும். அங்கே அது சதைப் பரிசோதனைக்குத் துணையாக நிற்கிறது, மாற்றாக அல்ல.

வழி மூன்று: தூரிகைச் சோதனை

சிறிய, விறைப்பான தூரிகையைத் திட்டின் மேல் அழுத்திச் சுழற்றி, ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் தெரியும்வரை தேய்த்து, வரும் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பதே இது. மரத்துப்போகும் ஊசி வேண்டாம், தையல் வேண்டாம். வெட்டாத சோதனைகளில் துல்லியம் மிகுந்ததும் இதுவே: மேலே சொன்ன மதிப்பாய்வில் நோயுள்ள 100 பேரில் ஏறத்தாழ 90 பேரை இது பிடித்தது, நோய் இல்லாத 100 பேரில் 6 பேரை மட்டுமே தவறாகச் சந்தேகித்தது.

அப்படியானால் இதையே செய்துகொள்ளலாமே என்ற கேள்வி நியாயமானது. இரண்டு தடைகள் இருக்கின்றன. பத்தில் ஒருவரைத் தவறவிடுவது, ஏற்கெனவே சந்தேகம் வலுத்திருக்கும் புண்ணில் சிறிய பிழை அல்ல. அதோடு, தூரிகை தருவது உதிரிச் செல்கள். அவை திசுவில் எந்த அடுக்கில் இருந்தன, மேல்தோலுக்கு அடியில் எல்லையாக இருக்கும் அடித்தளச் சவ்வைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா என்பது அவற்றிலிருந்து தெரியாது. புற்று என்று பெயர் சூட்டுவதும் சிகிச்சை தீர்மானிப்பதும் அந்த விவரத்தின் மேல்தான். தடித்த வெள்ளைத் திட்டுகளில் போதிய ஆழத்துச் செல்கள் வராமல் ‘மாதிரி போதவில்லை’ என்று முடிவு திரும்புவதும் உண்டு. அப்போது கட்டணமும் காத்திருந்த வாரமும் வீண்.

இதற்கான இடம் தெளிவானது. சதை எடுக்க நோயாளி உறுதியாக மறுக்கிறார், அல்லது சதை எடுக்கக்கூடிய மருத்துவர் இருக்கும் ஊருக்கு உடனே போக முடியவில்லை என்றால், சும்மா இருப்பதைவிடத் தூரிகை எவ்வளவோ மேல். முடிவு மோசமாக வந்தால் மறுப்பவரின் மனம் மாறவும் அதுவே காரணமாகலாம். அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதலும் இந்தச் சூழலுக்கு மட்டும் இதை அனுமதிக்கிறது.

வழி நான்கு: ஒரு துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனை

பயம் முழுவதும் இதன் மேல்தான் என்பதால், நடப்பதை அப்படியே சொல்வது நல்லது. பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசியைப் புண்ணுக்குள் போடாமல் சற்றுத் தள்ளிப் போடுவார்கள். புண்ணுக்குள் போட்டால் திசு ஊதி, நுண்ணோக்கியில் உருமாறித் தெரியும். உதடு தடித்ததுபோல் ஆனதும், புண்ணின் நடுவிலிருந்து அல்லாமல் ஓரத்திலிருந்து, சில மில்லிமீட்டர் அகலத்தில், போதிய ஆழத்தோடு ஒரு துண்டை எடுப்பார்கள். நடுப்பகுதியில் செத்த திசுவே அதிகம் இருக்கும் என்பதால் அது விடை சொல்லாது. வெள்ளையும் சிவப்பும் கலந்த திட்டானால் சிவந்த பகுதி அந்தத் துண்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும். துண்டு உடனே ஃபார்மலின் நிரம்பிய புட்டிக்குள் போகும். ஒன்றிரண்டு தையல், சிறிது நேரம் பஞ்சைக் கடித்துக்கொள்ளல், ஓரிரு நாள் காரமும் சூடும் இல்லாத சாப்பாடு. முடிவு வழக்கமாக ஒரு வாரம் பத்து நாளில் கிடைக்கும்.

கத்தி பட்டால் பரவும் என்ற நம்பிக்கையைச் சும்மா தள்ளிவிட முடியாது. அது கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. நோய் முற்றிய பிறகே சதை எடுக்கப் போனவர்கள், அதன் பிறகும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள், சில மாதங்களில் மோசமானதை ஊர் பார்த்திருக்கிறது. பழி கத்தியின் மேல் விழுந்துவிட்டது. முறையாகச் சதை எடுத்ததால் நோயாளியின் ஆயுள் குறைகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சதை எடுக்காமல் எந்தப் புற்றுநோய் மருத்துவமனையும் அறுவை, கதிர், கீமோ எதையும் தொடங்கப்போவதும் இல்லை.

இதன் மறைவான குறை வேறு: எடுத்த இடம் தவறினால் முடிவும் தவறும். பெரிய திட்டில் ஒரு மூலையில் எடுத்த துண்டு, மறு மூலையில் இருக்கும் மாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே முடிவு ‘புற்று இல்லை’ என்று வந்தும் புண் ஆறவில்லை என்றால், இன்னொரு முறை எடுக்கச் சொல்வது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது.

நேராகக் கத்தியை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. நீலமாகவோ, துடிப்பதாகவோ, அழுத்தினால் வெளுப்பதாகவோ உள்ள வீக்கம் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம்; ஸ்கேன் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாக்கினால் வாய் இறுகித் திறக்க முடியாமல் போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் நிலையைப் பெரும்பாலும் கண்ணாலும் விரலாலும் பார்த்தே உறுதிசெய்கிறார்கள்; அதன் மேல் புதிதாகப் புண்ணோ சிவப்போ வெள்ளைத் திட்டோ தோன்றினால் அந்த இடத்தில் சதை எடுப்பது அவசியமாகிறது.

வழி ஐந்து: முழுவதையும் வெட்டி எடுத்துவிடுதல்

‘எதற்கு இரண்டு வேலை, மொத்தமாக எடுத்துவிடுங்கள்’ என்று கேட்பவர்கள் பலர். கன்னத்தைக் கடித்துக் கடித்து உண்டான சதைமுடிச்சு, உதட்டில் வரும் உமிழ்நீர்க் கொப்புளம் போன்ற சிறிய, சாதுவான தோற்றமுள்ளவற்றுக்கு இது மிகச் சரி. சோதனையும் சிகிச்சையும் ஒரே நாளில் முடியும். புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள புண்ணில் இதுவே பெரும் தவறாகிவிடும். சுற்றிலும் போதிய நல்ல திசுவோடு எடுக்காமல் புண்ணை மட்டும் வெட்டிவிட்டால், பிறகு வரும் புற்று அறுவை நிபுணருக்குக் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற அடையாளம் கிடைக்காது. தேவைக்கு மேல் வெட்ட வேண்டியும் வரலாம்.

ஒரே பார்வையில்

| வழி | விடை | எங்கே சறுக்கும் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| இரண்டு வாரக் காத்திருப்பு | ஆறினால் போதுமான விடை | தேதி தள்ளிக்கொண்டே போகும் | உரசல், தொற்று என்று காரணம் தெரிந்த புண் |
| சாயம், நீல விளக்கு | குறிப்பு மட்டும் | வீண் சந்தேகம் மிக அதிகம் | சதை எடுக்கும் இடத்தைத் தேர மருத்துவருக்கு |
| தூரிகை | வலுவான குறிப்பு | பத்தில் ஒன்று தவறும், ஆழம் தெரியாது | சதை எடுக்க மறுப்பவர், வசதி எட்டாதவர் |
| ஒரு துண்டு சதை | முடிவான விடை | தவறான இடத்தில் எடுத்தால் | ஆறாத புண், சிவப்பு அல்லது கலப்புத் திட்டு, தடித்த ஓரம் |
| முழுதாக எடுத்தல் | விடையும் சிகிச்சையும் | புற்றாக இருந்தால் எல்லை அழியும் | சிறிய, சாதுவான முடிச்சு |

ஸ்கேனை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. சிடி, எம்ஆர்ஐ இரண்டும் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்லும்; என்ன நோய் என்பதைச் சொல்லாது. ஆனால் பார்த்தவுடனே புற்று என்று தெரியும் நாக்குப் புண்ணில், சதை எடுத்த வீக்கம் படத்தில் கலந்துவிடாமலிருக்க, எம்ஆர்ஐயை முதலில் எடுத்துவிடச் சொல்லும் அறுவை நிபுணர்கள் உண்டு. கழுத்தில் நெறிக்கட்டி இருந்தால் மெல்லிய ஊசியால் செல் உறிஞ்சிப் பார்ப்பதே முறை. வாயைச் சோதிக்காமல் கழுத்துக் கட்டியை முதலில் அறுத்து எடுப்பது தவிர்க்க வேண்டியது.

எங்கே போவது, என்ன செலவாகும்

அரசு பல் மருத்துவக் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தனியார் பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவப் பிரிவு, புற்றுநோய் மருத்துவமனை ஆகிய நான்கிலும் சதைப் பரிசோதனை நடக்கிறது. அரசு இடங்களில் கட்டணம் இல்லை அல்லது மிகக் குறைவு. விலை கொடுப்பது நாட்களால். புறநோயாளிச் சீட்டுக்கு ஒரு நாள், சதை எடுக்க ஒரு நாள், தையல் பிரிக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள் என்று நான்கு நாள் கூலி போகலாம். தினக்கூலிக்காரர் ஒருவர் பாதியில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் பயத்தைவிட இதுவே காரணமாக இருக்கும். கரையும் தையல் போட முடியுமா என்று கேட்டால் ஒரு நாள் மிச்சம். அதே மருத்துவமனையிலேயே திசு ஆய்வுப் பிரிவும் அறுவைப் பிரிவும் இருந்தால், அடுத்த கட்டத்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. மருந்தகப் பைகளில் கரையும் பணத்தை முன்பே கூட்டிப் பார்த்திருந்தால், பலருக்கு இந்த வழியே மலிவாகத் தெரிந்திருக்கும்.

கருவி எதுவுமில்லாத இடத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வெறும் கண்ணால் வாயைப் பார்த்து, சந்தேகப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் அதன் முடிவு வெளியானது. விலையுயர்ந்த விளக்கு எதுவும் அங்கே பயன்படவில்லை. பார்த்ததும் அனுப்பியதும்தான் வேலை செய்தன.

அறிக்கை கைக்கு வந்த பிறகு

அறிக்கையில் பொதுவாக மூன்று வகைச் சொற்கள் இருக்கும். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்றால் புற்று; வேறு கருத்துக் கேட்பதாக இருந்தாலும் அதே வாரத்தில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டிஸ்பிளேசியா என்றால் செல்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, இன்னும் புற்றாகவில்லை. லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று அது தரம்பிரிக்கப்படும். இந்தத் தரம்பிரிப்பில் இரண்டு நிபுணர்கள் வேறுபடுவது அபூர்வமில்லை என்பதால், நடுத்தரம் என்று வந்தால், நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுவை ஒட்டிய கண்ணாடித் தகட்டை இன்னொரு நிபுணரிடம் காட்டுவது நியாயமே. டிஸ்பிளேசியா இல்லை என்று வந்தால் பாக்கையும் புகையிலையையும் நிறுத்திவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, அதே இடத்தைக் காட்டி வர வேண்டும்.

வேறு மருத்துவமனைக்கு மாறுபவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முதல் மருத்துவமனையில் உங்கள் சதைத் துண்டு மெழுகுக் கட்டியாகப் பத்திரமாக இருக்கும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் அந்தக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் தருவார்கள். அவை உங்களிடம் இருந்தால், புதிய மருத்துவமனை அதிலிருந்தே மறு ஆய்வு செய்துகொள்ளும். பெரும்பாலும் இன்னொரு முறை சதை எடுக்க வேண்டியிருக்காது.